போனதும் தங்கியதும்

மனிதர்கள் ஏன் பிறந்த நாட்டை விட்டு வேறொரு நாட்டில் குடியேறுகிறார்கள் என்ற கேள்வி ஒரே கேள்வியாகக் கேட்கப்பட்டாலும், அதனுள் இரண்டு கேள்விகள் அடங்கியிருக்கின்றன. ஒருவர் ஏன் புறப்பட்டார் என்பது முதல் கேள்வி; போன இடத்தில் ஏன் தங்கிவிட்டார் என்பது இரண்டாவது. முதல் கேள்விக்குக் கிடைத்த விடையையே இரண்டாவதற்கும் பொருத்திவிடும் பழக்கம் அறிஞர், ஆட்சியாளர், பொதுமக்கள் என்ற வேறுபாடில்லாமல் எல்லோரிடமும் காணப்படுகிறது. பஞ்சத்தால் போனவர் பஞ்சத்துக்கு அஞ்சியே தங்கினார் என்றும், கூலிக்காகப் போனவர் கூலிக்காகவே தங்கினார் என்றும் எழுதிவிட்டால் வரலாறு சுருக்கமாக முடிந்துவிடும். ஆனால் புறப்பாட்டுக்கும் குடியமர்வுக்கும் இடையில் பல ஆண்டுகளும், பெரும்பாலும் ஒரு முழுத் தலைமுறையும் கிடக்கின்றன. அந்த இடைவெளியில் போனவரும் மாறுகிறார், விட்டுவந்த ஊரும் மாறுகிறது, இரண்டு நாடுகளின் சட்டங்களும் மாறிவிடுகின்றன.

ஐக்கிய நாடுகள் அவையின் மதிப்பீட்டின்படி 2024ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் பிறந்த நாட்டுக்கு வெளியே வாழ்ந்தவர்களின் தொகை ஏறத்தாழ 30.4 கோடி, உலக மக்கள்தொகையில் அது 3.7 விழுக்காடு. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் பிறந்த நாட்டிலேயே இருக்கிறார்கள் என்பது இதன் மறுபக்கம். வறுமையும் வேலையின்மையும் அடக்குமுறையும் இவ்வளவு பரவலாக உள்ள உலகில், இத்தனை பேர் நகராமல் இருப்பதுதான் முதலில் விளக்கம் வேண்டி நிற்கும் செய்தி. ஏழ்மை ஒன்றே மனிதரைக் கிளப்பிவிடும் என்றால் மிக ஏழை நாடுகளே மிகுதியானோரை வெளியே அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் நடுத்தர வருவாயுள்ள நாடுகளிலிருந்தே மிகுதியானோர் போகிறார்கள் என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. பயணத்துக்குப் பணம் வேண்டும், வழி தெரிந்த ஆள் வேண்டும், போய்ச் சேரும் இடத்தில் வேலை இருக்கிறது என்ற நம்பத்தகுந்த செய்தி வேண்டும். இம்மூன்றும் இல்லாத இடத்தில் துன்பம் எவ்வளவு பெரிதானாலும் அது ஊருக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

இத்துறையில் முதலில் ஒழுங்காகச் சிந்தித்தவர் எர்ன்ஸ்ட் ஜார்ஜ் ராவன்ஸ்டைன். பிராங்க்பர்ட்டில் 1834இல் பிறந்து இளம் வயதிலேயே இங்கிலாந்தில் குடியேறிய இவர், பிரிட்டானியக் குடிமதிப்புக் கணக்குகளை ஆராய்ந்து 1885இல் ‘குடிப்பெயர்ச்சியின் விதிகள்’ என்ற கட்டுரையை வெளியிட்டார். பெரும்பாலோர் குறுகிய தொலைவே பெயர்கிறார்கள் என்பதும், ஒரு திசையில் மக்கள் பெருகிச் செல்லும்போது எதிர்த்திசையிலும் ஒரு கூட்டம் திரும்பி வந்துகொண்டிருக்கும் என்பதும் அவர் கண்ட விதிகளுள் குறிப்பிடத்தக்கவை. பின்வந்தோர் இவற்றை வளர்த்து, பிறந்த இடத்திலிருந்து விரட்டும் காரணங்களைத் தள்ளுவிசை என்றும் சேருமிடத்திலிருந்து அழைக்கும் காரணங்களை ஈர்ப்புவிசை என்றும் வகுத்தனர். எவரெட் லீ என்ற அமெரிக்க அறிஞர் 1966இல் இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கும் தடைகளையும் கணக்கில் சேர்த்தார். இன்று பள்ளிப் பாடநூல்கள்வரை பரவியிருப்பது இந்தத் தள்ளுதல் ஈர்த்தல் கோட்பாடே. எதிர்த்திசைக் கூட்டத்தைப் பற்றி ராவன்ஸ்டைன் சொன்னதோ அவ்வளவாக நினைவில் நிற்கவில்லை. அது நினைவில் நின்றிருந்தால், போகிறவர்களுள் பலர் திரும்பும் எண்ணத்தோடுதான் போகிறார்கள் என்ற உண்மையும் கூடவே நின்றிருக்கும்.

தள்ளுதல் ஈர்த்தல் கோட்பாட்டின் குறை அது பொய் என்பதன்று. அது எல்லாக் காலத்துக்கும் பொருந்திவிடுகிறது என்பதே. எப்போதும் இருந்துவந்த வறுமையைக் கொண்டு, ஒரு குறிப்பிட்ட பத்தாண்டில் தொடங்கிய பெயர்ச்சியை விளக்க முடியாது. இதைச் சோதித்துப் பார்க்கத் தமிழகத்திலிருந்து இலங்கையின் மலைநாட்டுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடந்த பெயர்ச்சியைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. புறப்பாடு, தங்கல், வெளியேற்றம், மறுகுடியமர்வு என எல்லாக் கட்டங்களும் அதில் உள்ளன. அவை ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறாக இருந்ததும் அதில் தெளிவாகத் தெரிகிறது.

பிரிட்டானியப் பேரரசில் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் 1833இல் நிறைவேறியபின் மேற்கிந்தியத் தீவுகளின் காப்பி விளைச்சல் சரிந்தது. இலங்கைக் காப்பிக்கும் மேற்கிந்தியக் காப்பிக்கும் இங்கிலாந்தில் இருந்த சுங்கவரி வேறுபாடும் 1835இல் நீக்கப்பட்டது. கண்டியைச் சுற்றிய மலைகளில் காடுகள் வெட்டப்பட்டுக் காப்பித் தோட்டங்கள் விரைவாகப் பெருகின. அங்கு வாழ்ந்த சிங்கள உழவர்கள் தோட்ட வேலைக்கு முறையாக வர மறுத்ததை அக்காலத் துரைமார் சோம்பல் என்று எழுதிவைத்தார்கள். வயலும், காட்டை எரித்து மாறிமாறிப் பயிரிடும் சேனை நிலமும் உடைய ஓர் உழவர், அயலார் நடத்தும் தோட்டத்தில் மணியடித்தால் எழுந்து மணியடித்தால் உறங்கும் வாழ்வை ஏற்க மறுத்தது சோம்பலன்று, தெளிவு. அந்தத் தெளிவைக் காட்டும் வசதி யாருக்கு இல்லையோ அவர்களைத் தோட்ட முதலாளிகள் தேடினார்கள். பாக்கு நீரிணைக்கு அப்பால் அவர்கள் இருந்தார்கள்.

திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, சேலம் ஆகிய பகுதிகளின் சிற்றூர்களிலிருந்தே பெரும்பாலோர் போனார்கள். பள்ளர், பறையர் முதலிய ஒடுக்கப்பட்ட சாதியினர் அவர்களுள் மிகுதி என்றாலும், கள்ளர், அகமுடையார், வெள்ளாளர் போன்றோரும் கணிசமாக இருந்தனர். நிலமற்றவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையாள்களாகவும் படியாள்களாகவும், அதாவது நிலவுடைமையாளரின் கடனுக்கும் கட்டளைக்கும் கட்டுப்பட்டு நெல்லாகக் கூலி பெறுபவர்களாகவும், வாழ்ந்தனர். சாதியும் நிலமும் எவ்வாறு ஒன்றையொன்று தாங்கி நின்றன என்பதைத் தர்மா குமார் 1965இல் வெளியான ஆய்வு நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். 1843ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைமுறையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்றது. ஊருக்குள் அதனால் உடனே மாறியது சிறிதே. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அழித்த தாது வருடப் பஞ்சத்தின்போது இலங்கைக்குப் போவோர் கூட்டம் பெருகியதில் வியப்பில்லை.

ஆயினும் பஞ்சங்கள் அதற்கு முன்பும் வந்திருந்தன; பண்ணை அடிமைமுறை பல நூற்றாண்டுப் பழைமையுடையது. புதிதாக வந்தது கங்காணி. தோட்டத்தில் தொழிலாளர் குழுவை மேற்பார்க்கும் இவர், துரையிடம் முன்பணம் பெற்றுக்கொண்டு தம் சொந்த ஊருக்கு வந்து ஆள் கட்டினார். ஆள் கட்டுதல் என்பது முன்பணம் கொடுத்துத் தொழிலாளரைச் சேர்த்து அழைத்துச் செல்வதைக் குறிக்கும் அக்கால வழக்கு. ஊரில் பட்ட கடனை அடைக்கவும், வழிச்செலவுக்கும், போகும்வரை குடும்பம் உண்ணவும் அந்த முன்பணம் உதவியது. நிலத்தோடு கட்டிவைத்திருந்த பழைய கடனைப் புதிய கடன் ஒன்று அவிழ்த்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். வறுமை ஒருவரை எங்கும் போக முடியாதபடி கட்டிப்போட்டிருந்தது. முன்பணம்தான் அவரை நகர்த்தியது. புறப்பாட்டுக்குக் காரணம் தேடுவோர் துன்பத்தின் அளவை மட்டும் அளந்துகொண்டிராமல், அந்தத் துன்பத்துக்கு வழிச்செலவு கொடுத்தவர் யார் என்றும் கேட்க வேண்டும். இன்றைக்கு நிலத்தை அடகுவைத்து முகவருக்குப் பணம் கட்டிக் கடல்கடக்கும் குடும்பங்களைப் பற்றியும் கேட்க வேண்டிய கேள்வி இதுவே.

அந்தக் கடன் தோட்டத்துக்கும் தொடர்ந்து வந்தது. தொழிலாளர் குழு ஒன்று ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டுமானால், அதன் கடன் தொகை குறித்த துண்டு என்னும் சீட்டைப் புதிய துரை ஏற்றுப் பணத்தைத் தீர்க்க வேண்டும். கடன் இவ்வாறு தோட்டம் தோட்டமாகக் கைமாறியதே தவிரக் குறையவில்லை. மொரீசியசுக்கும் பிஜிக்கும் போனவர்களைப் போல இவர்கள் ஆண்டுக்கணக்கான ஒப்பந்தத்தில் கைந்நாட்டு வைக்கவில்லை என்பதால் இவர்களைத் தன்னுரிமைத் தொழிலாளர் என்று ஆவணங்கள் அழைத்தன. ஆனால் இலங்கையின் 1865ஆம் ஆண்டு 11ஆம் இலக்கச் சட்டம், அறிவிப்புக் கொடுக்காமல் வேலையை விட்டுப் போவதைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியிருந்தது. துண்டு முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது.

கங்காணியைக் கொடியவராக மட்டும் காட்டிவிடுவது எளிது. பென்ஸ் காசு, தலைக்காசு எனத் தொழிலாளர் ஒவ்வொருவர் வேலையின்மீதும் அவர் பெற்ற தரகைக் கணக்கிட்டால் அந்தச் சித்திரத்துக்குச் சான்றும் உண்டு. ஆனால் பெரிய கங்காணியின் கீழ் இருந்த சில்லறைக் கங்காணிகள் பெரும்பாலும் தம் அண்ணன் தம்பி, மாமன் மைத்துனர்களையே அழைத்து வந்தார்கள். உறவினர் வழியாக நடந்ததனால்தான் மக்கள் அவர்களை நம்பிப் போனார்கள். முதலில் போனவர் பின்னால் வருபவருக்குச் செலவையும் அச்சத்தையும் குறைத்துவிடுகிறார். இவ்வாறு பெயர்ச்சி தன்னைத் தானே வளர்த்துக்கொள்வதைத் திரள்காரணம் என்ற பெயரால் டக்ளஸ் மாசி என்ற சமூகவியலர் விளக்குகிறார். ஒரு கட்டத்துக்குப் பின் ஊரில் பஞ்சமே இல்லாவிட்டாலும் பயணம் தொடர்வதற்கு இதுவே காரணம். தொழிலாளர் வரிசை வீடுகளாகிய லயங்களில் ஊரின் சாதிப் பிரிவுகளும் கோயில் உரிமைகளும் அப்படியே மீண்டும் முளைத்ததற்கும் இதுவே காரணம். ஊரை விட்டுப் போனவர்கள் ஊரின் பெரும்பகுதியைத் தம்மோடு கொண்டுபோயிருந்தார்கள். நெல்லுக்குப் பதிலாகக் காசு கூலியாயிற்று என்பதும், நிலவுடைமையாளர் கண்முன் இல்லை என்பதுமே புதியவை. அவை சிறிய மாற்றங்கள் அல்ல.

தொடக்க காலத்தில் அவர்கள் இராமேசுவரம் பக்கத்திலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட காடுகள் வழியாகப் பல நாள் நடந்து மாத்தளையை அடைந்தார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழியில் கொன்றவர்களுக்கு முழுமையான கணக்கில்லை. பின்னர் மண்டபத்தில் தொற்றுத்தடுப்பு முகாம் அமைந்தது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே தொடர்வண்டியோடு இணைந்த கப்பல் ஓடத் தொடங்கியது. இரண்டு கரைகளுக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். இராமநாதபுரத்து உழவுத் தொழிலாளிக்குச் சென்னையைவிடக் கண்டிச் சீமை பக்கம். இரண்டையும் ஆண்டது ஒரே முடி. தாம் தாய்நாட்டை விட்டு அயல்நாட்டில் குடியேறுவதாக அவர்களுள் யாரும் எண்ணியிருக்க வாய்ப்பில்லை. நாட்டெல்லை பின்னால் வந்து அவர்கள் காலடியில் விழுந்தது. புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ இவ்வாறு தோட்டத்துக்குப் போன ஒரு பெண்ணின் கதை. குடியுரிமைச் சட்டங்கள் எவையும் எழுதப்படாத 1930களின் படைப்பு அது.

இனி இரண்டாவது கேள்வி. காப்பி அறுவடைக்கு ஆண்டின் சில மாதங்களில்தான் மிகுதியான கைகள் வேண்டியிருந்தன. ஆகவே ஆடவர் கூட்டங்கூட்டமாக வந்து, பறிப்பு முடிந்ததும் தமிழகத்து நெல்லறுவடைக்குத் திரும்புவது பெருவழக்காயிருந்தது. காப்பிக் காலத்திலேயே கணிசமானோர் தோட்டங்களில் நிலையாகத் தங்கத் தொடங்கிவிட்டார்கள் என்று வரலாற்றாசிரியர் பேட்ரிக் பீபிள்ஸ் வாதிட்டிருப்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனாலும் போக்குவரத்தின் அளவு மிகப் பெரிது என்பதில் ஐயமில்லை. 1869இல் காப்பி இலைகளில் துருநோய் தென்பட்டது. ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் எனப்படும் பூஞ்சையால் வந்த அந்நோய் பதினைந்து, இருபது ஆண்டுகளுக்குள் இலங்கைக் காப்பித் தொழிலை முடித்துவிட்டது. 1867இலேயே லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்டிருந்த தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1875இல் ஏறத்தாழ ஆயிரம் ஏக்கராக இருந்த தேயிலைப் பரப்பு 1895இல் மூன்று லட்சம் ஏக்கரைத் தாண்டியது.

தேயிலைக்குப் பருவம் என்று ஒன்றில்லை. கொழுந்தை வாரந்தோறும், ஆண்டு முழுவதும் எடுக்க வேண்டும். அதை விரைவாக எடுத்தவர்கள் பெண்கள். எனவே துரைமார்களுக்குத் தனியாடவர் கூட்டம் பயன்படவில்லை, குடும்பங்கள் தேவைப்பட்டன. லயத்து அறையில் கணவன், மனைவி, பிள்ளைகள் குடியிருத்தப்பட்டார்கள். விடியற்காலைப் பெரட்டில், அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் அணிவகுப்பில், தாயும் மகளும் நின்றார்கள். கைக்குழந்தைகளுக்குப் பிள்ளைக்காம்பரா என்னும் காப்பகம் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பெருந்தொகையான தமிழர் இலங்கை மலைகளில் குடியமர்ந்ததற்கு அவர்களுடைய விருப்பமோ தமிழகத்து வறுமையோ மாறியது காரணமன்று. பயிர் மாறியது காரணம். ஒரு பூஞ்சை நோய் ஒரு மக்கட்கூட்டத்தின் இருப்பிடத்தை முடிவுசெய்தது என்பது மிகைபோலத் தோன்றலாம். ஆனால் குடியேற்ற வரலாறுகளில் மனிதரின் முடிவுகளைவிட இத்தகைய தொலைதூரக் காரணங்களுக்கே பங்கு மிகுதி.

அவர்களுள் எவரும் ஒரு குறிப்பிட்ட நாளில் இனி இங்கேயே இருந்துவிடுவது என்று முடிவெடுத்திருக்க மாட்டார்கள். கடன் தீர்ந்ததும் ஊருக்குப் போகலாம், மூத்தவளைக் கட்டிக்கொடுத்ததும் போகலாம், அடுத்த ஆண்டு மாரியம்மன் திருவிழா முடிந்ததும் போகலாம் எனத் திரும்பும் நாள் தள்ளித்தள்ளிப் போயிற்று. குடியேற்றம் என்பது பெரும்பாலும் இவ்வாறு ஒத்திப்போடப்பட்ட திரும்புதல்களின் கூட்டுத்தொகையே. இதற்கிடையில் ஊரிலிருந்த பங்கு நிலம் பங்காளிகளிடம் போயிருக்கும், கூரை சரிந்திருக்கும், பெற்றோர் இறந்திருப்பார்கள். மறுபுறம் தோட்டத்தில் பிறப்புகளும் இறப்புகளும் நிகழ்ந்து, தேயிலைச் சரிவுகளில் அவர்களுடைய சொந்தப் புதைகுழிகள் பெருகின.

மைக்கேல் பியோரே என்ற பொருளியல் அறிஞர் 1979இல் எழுதிய நூலில், குடிபெயர் தொழிலாளி இழிவான வேலையையும் பொறுத்துக்கொள்வதற்கு ஒரு காரணம் சொல்கிறார்: அவருடைய மானமும் மதிப்பும் அளக்கப்படும் இடம் சொந்த ஊர், வேலை செய்யும் இடம் காசு ஈட்டும் களம் மட்டுமே. அவருடைய பிள்ளைக்கு அப்படி மாற்றிடம் ஏதுமில்லை. லயத்தில் பிறந்த பிள்ளைக்குத் துரையின் ஏச்சு வேறோர் ஊருக்குத் திரும்பியதும் மறந்துவிடும் ஏச்சன்று. வாழும் இடத்தில், வாழ்நாள் முழுவதும் தன்மேல் ஒட்டிக்கொள்ளும் ஏச்சு. கோ. நடேசய்யர் 1920களிலும் 30களிலும் தோட்டத் தொழிலாளரை அமைப்பாகத் திரட்ட முடிந்ததற்கும், 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழக்கும் அளவுக்குப் போராட்டம் முற்றியதற்கும் பின்னணி இதுவே. நாளை ஊருக்குப் போகிறவர் வேலைநிறுத்தம் செய்வதில்லை. ஒரு மக்கட்கூட்டம் ஓரிடத்தில் குடியமர்ந்துவிட்டதா என்று அறிய விரும்பும் அரசுகள் வசித்த ஆண்டுகளை எண்ணுவதைவிட, அந்த மக்கள் அங்கே நீதி கேட்கத் தொடங்கிவிட்டார்களா என்று பார்ப்பது மேல்.

இதே காலத்தில், இதே தமிழகத்திலிருந்து, இதே கடல்களைக் கடந்து போன நகரத்தார் தங்கவில்லை. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் வட்டித்தொழில் செய்த செட்டிநாட்டு நிறுவனங்களின் முகவர்கள் வழக்கமாக மூன்றாண்டுத் தவணைக்குப் போய், கிட்டங்கி என்னும் பொது விடுதியில் தங்கித் தொழில் செய்து, தவணை முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். மனைவி மக்கள் செட்டிநாட்டு வீடுகளிலேயே இருந்தார்கள். கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிலம் 1930களின் பொருளாதார மந்தத்தில் அவர்கள் கைக்கு வந்தபோதும் அவர்கள் அங்கே குடியேறியவர்களாகத் தம்மைக் கருதவில்லை. செல்வத்தோடு போனவர் திரும்பினார், கடனோடு போனவர் தங்கினார். வெளிநாட்டில் தங்கிவிட்டோர் அந்நாட்டின் வசதியில் மயங்கித் தங்கியதாகச் சொல்வோர் இந்த ஒப்பீட்டைக் கருத வேண்டும்.

அரசுகளின் பங்கு இதற்குப் பின் தொடங்குகிறது. அது பெரும்பாலும் அரசுகள் எண்ணியதற்கு மாறாகவே விளைந்தது. இலங்கை அரசுத் துறைகளிலிருந்து இந்தியத் தொழிலாளர் நீக்கப்பட்டதற்கு எதிர்வினையாக, 1939 ஆகஸ்டில் இந்திய அரசு தொழிலாளர் இலங்கைக்குப் போவதைத் தடைசெய்தது. போய்வரும் பாதை அடைபட்டால் இருக்கும் இடத்தில் இருப்பதே அறிவுடைமை. விடுதலைபெற்ற இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், தந்தையோ தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்திருக்க வேண்டும் என்று விதித்ததால் பெரும்பாலான மலையகத் தமிழரை ஒரே நாளில் நாடற்றவர்களாக்கியது. 1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் திருமணமானோருக்கு ஏழு ஆண்டுகளும் மற்றோருக்குப் பத்து ஆண்டுகளும் இடையறாது வசித்த சான்றைக் கேட்டது. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அந்தத் தொடர்ச்சி முறிந்ததாகக் கருதப்பட்டது. சாகக் கிடக்கும் தாயைப் பார்க்க ஊருக்குப் போய் நெடுநாள் இருந்துவிட்ட ஒருவர், அந்தப் பாசத்தாலேயே குடியுரிமைக்குத் தகுதியற்றவரானார்.

கதவை அடைத்தால் உள்ளே இருப்பவர் தங்கிவிடுவார் என்ற பாடத்தை வேறு நாடுகளும் படித்தன. துருக்கியோடு 1961இல் செய்த உடன்பாட்டின்படி விருந்தினர் தொழிலாளர் என்ற பெயரில் மேற்கு ஜெர்மனி ஆள்களை வரவழைத்தது. சில ஆண்டுகளில் அவர்கள் திரும்பி, புதியவர்கள் வருவார்கள் என்பது திட்டம். 1973 நவம்பரில் எண்ணெய் நெருக்கடியின்போது ஆட்சேர்ப்பு நிறுத்தப்பட்டது; ஒருமுறை போனால் மீண்டும் வர முடியாது என்று கண்ட துருக்கியர் ஊர் திரும்புவதற்குப் பதிலாகக் குடும்பத்தை வரவழைத்தார்கள். அமெரிக்காவின் தென் எல்லையில் 1980களுக்குப்பின் காவல் இறுகியபோது, ஆண்டுதோறும் வந்து திரும்பிக்கொண்டிருந்த மெக்சிக்கத் தொழிலாளர் அங்கேயே தங்கத் தொடங்கியதை மாசியும் அவருடைய குழுவினரும் விரிவாக ஆவணப்படுத்தியுள்ளனர். வளைகுடா நாடுகள் மட்டும் இதில் வேறுபடுகின்றன. வேலை கொடுப்பவரின் பொறுப்பிலேயே ஒருவரின் வதிவுரிமை அமையும் கஃபாலா முறையால், நாற்பது ஆண்டு உழைத்த இந்தியரும் பெரும்பாலும் வேலை முடிந்ததும் வெளியேற வேண்டியவராகவே இருக்கிறார். போவதற்கான காரணங்களில் துபாய்க்குப் போகிறவருக்கும் டொராண்டோவுக்குப் போகிறவருக்கும் பெரிய வேறுபாடில்லை. ஒருவர் திரும்புவதும் மற்றவர் குடியேறுவதும் சேருமிடத்துச் சட்டத்தின் வேறுபாடு.

இலங்கைக்குத் திரும்புவோம். 1964 அக்டோபர் 30 அன்று இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், 9,75,000 பேர் என்று கணக்கிடப்பட்ட நாடற்றோரில் 5,25,000 பேரை இந்தியாவும் மூன்று லட்சம் பேரை இலங்கையும் ஏற்பது என முடிவுசெய்தது. எஞ்சிய ஒன்றரை லட்சம் பேர் 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிடப்பட்டார்கள். பங்கிடப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. பிறகு விண்ணப்பிக்கச் சொன்னபோது, இலங்கைக் குடியுரிமையைக் கோரியவர்கள் ஒப்பந்தம் ஒதுக்கிய எண்ணிக்கையைவிட மிகுதியாகவும், இந்தியக் குடியுரிமையைக் கோரியவர்கள் குறைவாகவும் இருந்தார்கள். இந்தியா அவர்களுக்குத் தாய்நாடு என்று இரு தலைவர்கள் கருதினார்கள். அவர்களுள் பெரும்பாலோர் அந்தத் தாய்நாட்டைக் கண்ணால் கண்டதில்லை.

தாயகம் திரும்பியோர் என்று ஆவணங்கள் அழைத்த பல லட்சம் பேரின் பயணம் உண்மையில் ஒரு புதிய புறப்பாடு. 1970களின் நடுவில் தோட்டங்களில் நேர்ந்த உணவுப் பஞ்சமும் 1977, 1981, 1983 ஆண்டுகளில் தமிழர்மீது நடந்த வன்முறைகளும் அதை விரைவுபடுத்தின. நூறாண்டுக்கு முன் பாட்டன் விட்டுவந்த ஊரில் அவர்களுக்கு நிலமும் இல்லை, அடையாளம் காட்டுவாரும் இல்லை. அவர்களுள் பலர் நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர்ப் பகுதிகளில் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே 1968இல் தமிழக அரசின் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது. கைக்குத் தெரிந்த தொழில் கொழுந்தெடுப்பது, எனவே கால் போன இடம் மறுபடியும் மலை. அங்கே அவர்களுக்குக் கிடைத்த பெயர் சிலோன்காரர். கண்டியில் இந்தியர் என்றும் கூடலூரில் இலங்கையர் என்றும் அழைக்கப்பட்ட இவர்களைக் கருதும்போது, எங்கிருந்து வந்தாய் என்ற கேள்வி அறிந்துகொள்ளக் கேட்கப்படுவதன்று, ஒதுக்கிவைக்கக் கேட்கப்படுவது என்பது விளங்கும்.

இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கப்பலுக்குக் காத்திருந்த பலர் போகவே இல்லை. உள்நாட்டுப் போர் மூண்டு 1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றது; அவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் லயங்களிலேயே இருந்துவிட்டார்கள். 2003இல் இலங்கை நாடாளுமன்றம் 35ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றி எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை அளித்தது. விண்ணப்பிப்பவரின் முன்னோர் எந்தப் பஞ்சத்தில், எந்தக் கங்காணியின் பின்னால், எதற்காக வந்தார்கள் என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை; அவர் 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வாழ்ந்தவரா, அல்லது அவ்வாறு வாழ்ந்தவரின் வழித்தோன்றலா என்று மட்டுமே கேட்டது.